வாசற்படியின் உயரத்தை அளந்து வையுங்கள்: வெள்ளம் வரும் சிறு நகரங்களின் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆற்றோரச் சிறு நகரங்களின் மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

வெள்ளம் வடிந்த மறு வாரம் கூடுகிற கூட்டங்களில் எல்லா ஊரிலும் ஒரே பேச்சுதான் எழுகிறது. சுவர் கட்ட வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், மேலிடத்தில் நிதி கேட்க வேண்டும். தீர்மானம் நிறைவேறும், கடிதம் போகும், பதில் வருவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். நான் சுவருக்கு எதிரி இல்லை. ஆனால் பெரிய நிதிக்குக் காத்திருக்காமல், கையில் இருக்கும் ஆட்களைக் கொண்டே இந்த ஆண்டுக்குள் முடிக்கக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் ஏறக்கூடிய பகுதியில் உள்ள ஒவ்வொரு வீட்டின் வாசற்படி உயரத்தையும் அளந்து, பதிவேட்டில் ஏற்றி, அந்த எண்ணை அந்த வீட்டாரிடம் கொடுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

சின்ன வேலையாகத் தோன்றலாம். ஆனால் எந்த வீட்டை எப்படிக் காப்பது, யாரை முதலில் வெளியேற்றுவது, எங்கே கட்ட அனுமதி மறுப்பது, எந்த வீட்டை இனி காப்பாற்ற முடியாது என்று ஒப்புக்கொள்வது என எல்லா முடிவும் அந்த எண்ணில்தான் போய் நிற்கிறது. அது கையில் இல்லாமல் எடுக்கும் முடிவுகள் எல்லாம் உத்தேசம்தான்.

எச்சரிக்கையையே எடுத்துக்கொள்வோம். பாலத்தூணில் ஓர் அளவுகோல் இருக்கும். அறிவிப்பும் அந்த அளவுகோலின் கணக்கில்தான் வரும்: நள்ளிரவுக்குள் நீர்மட்டம் ஆறரை மீட்டரைத் தொடலாம் என்று. மூன்றாவது தெருவில் இருக்கும் ஒருவருக்கு இதிலிருந்து என்ன தெரியும்? தண்ணீர் தெருமுனையோடு நிற்குமா, வாசல் ஏறுமா, கட்டில் உயரத்துக்கு வருமா? தெரியாது. தெரியாததால் ஒவ்வொரு முறையும் காத்திருந்து பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பும் நேரம் கடந்துவிடுகிறது. அவர் வாசற்படி அதே அளவுகோலின் கணக்கில் ஆறு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அறிவிப்பைக் கேட்ட அந்த நொடியே கணக்கு முடிந்துவிடும்: நாற்பது சென்டிமீட்டர் தண்ணீர், வீட்டுக்குள். ஃபிரிட்ஜைத் தூக்கி வைப்பதா, கதவுக்குத் தடுப்புப் பலகை போடுவதா, பாட்டியை இப்போதே அழைத்துப் போவதா என்று அவரே முடிவெடுப்பார்.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ரோடு போடவும் வடிகால் தோண்டவும் உங்கள் ஆட்கள் ஏற்கெனவே லெவல் எடுக்கிறார்கள், அதாவது தரையின் ஏற்ற இறக்கத்தைக் கருவி வைத்து அளக்கிறார்கள். அதே கருவியை வீட்டு வாசலில் வைக்கச் சொல்கிறேன். இரண்டு பேர் இருந்தால் ஒரு நாளில் ஒரு தெருவையாவது முடிப்பார்கள். இந்த இடத்தில் சிறு நகரம் என்பது குறையே இல்லை. பெருநகரத்தில் லட்சக்கணக்கான வாசல்களை அளக்க வேண்டும். உங்களுக்குத் தாழ்வான பகுதியில் சில நூறோ சில ஆயிரமோதான் இருக்கும்.

பொறியாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளத்தின் மட்டம் ஊர் முழுவதும் ஒரே சமமாக இருக்காது. ஆறு ஓடும் திசையில் அது சரிந்திருக்கும். ஊரின் மேல்முனையில் உள்ள வீட்டுக்குப் பாலத்து அளவுகோலின் எண்ணை அப்படியே பொருத்தினால் தப்பாகிவிடும். இதைச் சரிசெய்யக் கடந்த வெள்ளத்தின் கறை போதும். பல தெருக்களில் சுவரில் படிந்த கோட்டின் உயரத்தை அளந்து, அந்த நேரத்தில் பாலத்தில் மட்டம் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட்டால் சரிவு கிடைத்துவிடும். எனவே வெள்ளம் வடிந்ததும் முதல் வேலை கழுவுவதாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு தெருவிலும் கறையின் மேல்விளிம்பில் ஓர் ஆணியோ பெயிண்ட் கோடோ போட்டுவிட்டு, படம் எடுத்துவிட்டு, அப்புறம் கழுவட்டும். வெள்ளையடித்த பிறகு அந்தத் தகவல் எங்கும் கிடைக்காது.

பழைய வெள்ளங்களையும் கணக்கில் சேருங்கள். ஜெர்மனியில் ஆர் என்ற சிறிய ஆற்றின் பள்ளத்தாக்கில் 2021 ஜூலை 14 இரவு வந்த வெள்ளத்தில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். யாரும் கண்டிராத வெள்ளம் என்றுதான் முதலில் பேசப்பட்டது. ஆனால் அதே பள்ளத்தாக்கில் 1804-லும் 1910-லும் பெருவெள்ளம் வந்து பலர் இறந்தது பதிவுகளில் இருக்கிறது. அபாய வரைபடம் போடும்போது அந்த இரண்டும் கணக்கில் வரவில்லை. முறையான அளவீடு 1940களின் பிற்பகுதியில்தான் தொடங்கியது, அதற்குப் பிந்தைய எண்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதே நாட்டில் பாசாவ் நகர மண்டபச் சுவரில் பழைய வெள்ளங்களின் உயரத்தை ஆண்டோடு பொறித்து வைத்திருக்கிறார்கள். 1501-ஆம் ஆண்டின் கோடு அங்கே எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது, 2013-இல் 12.89 மீட்டர் வந்தபோது, ஐந்நூறு ஆண்டுகளில் அதற்கு அடுத்த பெரிய வெள்ளம் இதுதான் என்று சொல்ல முடிந்தது. உங்கள் ஊரில் கல்லில் பொறித்த கோடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் வயதானவர்களின் நினைவிலும் பழைய புகைப்படங்களிலும் பத்திரங்களிலும் அந்தக் கோடு கட்டாயம் எங்கோ இருக்கும். தேடிப் பிடியுங்கள். தெருவுக்கு ஒரு கம்பத்தில் வரைந்து வையுங்கள்.

ஆர் பள்ளத்தாக்கில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேல்பகுதி ஊர்களில் அன்று மாலையே வீடுகள் மூழ்கத் தொடங்கிவிட்டன. ஆறு முடியும் இடத்தருகே உள்ள சின்சிக் என்ற சிறு நகரத்தை வெள்ளம் அடைந்தது நள்ளிரவு தாண்டிய பிறகு. அங்கே மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த ஓர் இல்லத்தின் தரைத்தளத்தில் 12 பேர் மூழ்கி இறந்தார்கள். இடையில் பல மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அவர்களை மேல் மாடிக்குக் கொண்டுபோக முடிந்திருக்கும்.

இதனால்தான், வாசற்படி உயரத்தோடு இன்னொரு விவரத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்: அந்த வீட்டில் தானாகப் படியேற முடியாதவர் யாராவது இருக்கிறார்களா, வீட்டுக்கு மாடி இருக்கிறதா. தாழ்ந்த வாசல், மாடி இல்லாத வீடு, நடக்க முடியாத ஆள், மூன்றும் சேர்ந்த வீடுகள் ஒரு சிறு நகரத்தில் எத்தனை இருந்துவிடப் போகின்றன? அந்தப் பட்டியல் உங்கள் மேசையில் இருந்தால், அறிவிப்பு வந்த முதல் மணி நேரத்தில் வண்டி அந்த வாசல்களில்தான் போய் நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு ஒலிபெருக்கி போதும். இந்தப் பட்டியலை வெளியில் விடாமல் வைத்துக்கொள்ளவும் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கவும் ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள்.

வண்டி தண்ணீர் வருவதற்கு முன்பே போக வேண்டும். வேகமாக ஓடும் தண்ணீர் பதினைந்து சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரையும் சாய்த்துவிடும். அறுபது சென்டிமீட்டர் வந்தால் பெரும்பாலான கார்கள் மிதந்து போய்விடும்.

சரி, வீட்டைக் காக்கும் வேலைக்கு வருகிறேன். இங்கேதான் மக்களுக்குச் சரியான தகவல் போய்ச் சேராமல் ஏராளமான பணமும் உழைப்பும் வீணாகின்றன.

தண்ணீரை வெளியே நிறுத்துவது, உள்ளே வந்தாலும் பாதிப்பில்லாமல் வீட்டை அமைப்பது என இரண்டு வழிகள் உண்டு. எந்த வீட்டுக்கு எது என்பதை வாசற்படியில் எவ்வளவு ஆழம் நிற்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது. சுமார் அறுபது சென்டிமீட்டர் வரை என்றால் வெளியே நிறுத்தப் பார்க்கலாம். அதற்கு மேல் நிறுத்த முயன்றால் வீட்டுக்கே ஆபத்து. ஏன் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். அறுபது சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மேலும் தண்ணீர் ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. ஆழம் ஒரு மீட்டர் ஆனால் அது 500 கிலோவைத் தொடுகிறது. ஆழம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சாதாரணச் செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டப்பட்டது. பக்கவாட்டில் இப்படித் தள்ளினால் விரிசல் விடும், மோசமானால் சரிந்துவிடும். உள்ளேயும் தண்ணீர் இருந்தால் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிச் சுவர் பிழைத்துக்கொள்ளும். ஆழமாக நிற்கும் இடத்தில் வீட்டுக்காரர் கதவை அடைத்துப் போராடுவது வீட்டைக் காப்பாற்றாது என்பதை நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் அந்த வாசலில் எவ்வளவு நிற்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குறைந்த ஆழம் வரும் வீடுகளுக்குக் கதவுத் தடுப்புப் பலகை நல்ல வழி. நிலையின் இரு பக்கமும் பள்ளமான சட்டம் பொருத்திவிட்டால், தேவைப்படும்போது பலகையை இறக்கி ரப்பர் விளிம்போடு இறுக்கிவிடலாம். மணல்மூட்டையை விட இது பல மடங்கு மேல். மணல்மூட்டை தண்ணீரைத் தாமதப்படுத்தும், திருப்பிவிடும். தனியாக அது தண்ணீரை நிறுத்தாது. கசியும். அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி அடுக்கி, மிதித்து இறுக்கினால் ஓரளவு பயன் தரும். வெள்ளத்தில் நனைந்த மணல்மூட்டையைப் பிறகு குழந்தைகள் விளையாடும் இடத்தில் கொட்டவும் கூடாது. அதில் சாக்கடை கலந்திருக்கும்.

ஆனால் கதவை மட்டும் அடைத்துப் பயன் இல்லை. சுவரின் அடியில் உள்ள காற்றுத்துளைகள், கேபிளும் குழாயும் நுழையும் ஓட்டைகள், சுவர் விரிசல்கள் என எல்லா வழியாகவும் தண்ணீர் வரும். எல்லாவற்றையும் விட மோசமான வழி கழிவறை. தெருவில் உள்ள கழிவுநீர்க் குழாய் நிரம்பியதும், தாழ்வான வீட்டின் கழிவறைப் பீங்கான் வழியாகவும் குளியலறை வடிகால் வழியாகவும் கழிவுநீர் மேலே பொங்கும். வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாதபோதே வீடு நாறிப்போன கதைகள் எல்லா வெள்ள ஊரிலும் உண்டு. இதற்குத் தீர்வு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. கழிவு வெளியே போக விடும், திரும்பி வர விடாது. வீட்டிலிருந்து தெருக்குழாய்க்குப் போகும் இணைப்பில் ஒன்று பொருத்தினால் போதும். ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் குப்பை சிக்கி மூடாமல் நின்றுவிடும். மன்றங்களிடம் நான் கேட்கும் செலவு இதுதான்: சுவருக்கான நிதி வரும் வரை, தாழ்ந்த வாசல் உள்ள வீடுகளுக்கு இந்த வால்வையும் ஒரு கதவுத் தடுப்பையும் மானியத்தில் கொடுங்கள். மொத்தமாக வாங்கி உங்கள் பிளம்பர்களைக் கொண்டே பொருத்துங்கள். கழிவுநீர்க் குழாய் உங்களுடையது. அதிலிருந்து ஒருவர் வீட்டுக்குள் கழிவு பொங்குவது அவருடைய தனிப்பட்ட பிரச்சினை என்று மன்றம் ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆழமாகத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இரண்டாவது வழி. மின்மீட்டரையும் சுவிட்ச் போர்டுகளையும் பிளக் பாயிண்ட்டுகளையும் வெள்ளக்கோட்டுக்கு மேலே ஏற்றுவது, மின்கம்பிகளை மேலிருந்து கீழே இறக்கிக் கொண்டுவருவது, கீழ்த்தளத்தில் மரப்பலகைத் தரைக்குப் பதில் ஓடோ சிமெண்ட் தரையோ போடுவது, சமையலறையில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரிக்குப் பதில் கழுவிக் காயவைக்கக்கூடிய பொருளைப் பயன்படுத்துவது. தண்ணீர் வந்து போகும். கழுவிக் காயவைத்துச் சில நாளில் திரும்பக் குடியேறலாம். ஈரத்தில் ஒன்று இரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் விரைவாகக் காயும் பொருள்தான் வீட்டையும் உடம்பையும் காக்கிறது. ஒரு வெள்ளத்துக்குப் பிறகு எப்படியும் வீட்டைச் செப்பனிடத்தான் போகிறார்கள். அந்த நேரத்தில் பிளக் பாயிண்ட்டை ஒரு மீட்டர் மேலே வைக்க ஆகும் கூடுதல் செலவு சொற்பம். அந்த வாரத்தில் யாராவது போய்ச் சொன்னால் செய்வார்கள். நிவாரணப் படிவத்தோடு இதையும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.

பேஸ்மென்ட் உள்ள வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வெள்ளம் வடிந்ததும் மோட்டாரை வைத்து ஒரே மூச்சில் தண்ணீரை இறைத்துவிடத் தோன்றும். வெளியே மண் இன்னும் நீரில் ஊறி அழுத்திக்கொண்டிருக்கும்போது உள்ளே காலியாக்கினால் பக்கச்சுவர் உள்வாங்கும், தரை மேலெழும்பி வெடிக்கும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று நிதானமாக இறைக்க வேண்டும். பெட்ரோல், டீசல் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் வைத்து ஓட்டக்கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. வெள்ளத்தில் தப்பியவர்கள் இதில் இறந்துபோகிறார்கள்.

இனி உங்கள் கையிலேயே இருக்கும் விஷயங்கள். முதலாவது ரோடு. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு முறையும் தெரு சில சென்டிமீட்டர் உயர்கிறது. இருபது முப்பது ஆண்டுகளில் தெருவுக்கு மேலே இருந்த வாசல்கள் தெருவுக்குக் கீழே போய்விடுகின்றன. அதன் பிறகு ஆறு பெருக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மணி நேரக் கனமழையின் ரோட்டுத் தண்ணீரே வீட்டுக்குள் இறங்கும். வசதி உள்ளவர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டுகிறார். அவர் மனையிலிருந்து தள்ளப்பட்ட தண்ணீர், உயர்த்த முடியாத பக்கத்து வீட்டில் நிற்கிறது. எத்தனையோ எளிய குடும்பங்களின் வீடுகளை மன்றத்தின் சொந்த ரோடு வேலையே வெள்ள வீடுகளாக்கியிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வாசற்படி உயரப் பதிவேடு இருந்தால் இது கண்ணுக்குத் தெரியாமல் நடக்காது. தெருவின் முடிந்த மட்டம் அந்தத் தெருவில் மிகத் தாழ்ந்த வாசற்படிக்கு இத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். பழைய பரப்பைச் சுரண்டிவிட்டுப் போடும் செலவு கூடுதல்தான். அதைச் செய்யாமல் விட்டால் அந்தச் செலவை வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள்.

இரண்டாவது கட்டட அனுமதி. நூறாண்டு வெள்ளம் என்று பொறியாளர்கள் சொல்வதைப் பலர் நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள வெள்ளம் அது. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். அதாவது நான்கு வீட்டில் ஒன்று. அந்த வெள்ளம் எட்டும் மட்டத்துக்குக் கீழே தரைமட்டம் வைத்த எந்தப் புதிய வீட்டுக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். மண் கொட்டி உயர்த்துகிறேன் என்றால், அந்த மண் எந்த வீட்டுப் பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறது என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். தூண்கள் மேல் கட்டி அடியில் தண்ணீர் போக விடுவது பல இடங்களில் அதைவிட நல்லது.

சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவர் வேண்டிய ஊர்கள் உண்டு. ஆனால் அதற்கு எடுக்கும் காலத்தை யோசியுங்கள். ஜெர்மனியின் கிரிம்மா நகரத்தை 2002 ஆகஸ்டில் முல்டே ஆறு மூழ்கடித்தது. பாதுகாப்புச் சுவர் கட்ட முடிவானது, வாதங்கள் நடந்தன, வேலை தொடங்கியது. முடிவதற்கு முன்பே 2013-இல் ஊர் மறுபடி மூழ்கியது. சுவர் முடிந்தது 2019-இல். பணமும் பொறியியலும் உள்ள நாட்டிலேயே 17 ஆண்டுகள். அந்தப் பதினேழு ஆண்டுகளும் மக்கள் வீடுகளில்தானே இருந்தார்கள்?

சுவர் எழுந்த பிறகு அதன் பின்னால் நடப்பதையும் பாருங்கள். இனி பயமில்லை என்று அங்கே புதுப்புது வீடுகள் முளைக்கின்றன, வெள்ளத்தைச் சந்திக்கும் பழக்கம் மறந்துபோகிறது. பிறகு ஒருநாள் சுவரின் உயரத்தைத் தாண்டித் தண்ணீர் வரும்போது இழப்பு முன்னைவிடப் பெரிதாகிறது. அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் 1940களிலேயே இதை எடுத்துக்காட்டி, கரைகளை மட்டும் நம்பாதீர்கள் என்று வாதாடினார். சுவர் கட்டினாலும் அதற்குப் பின்னால் உள்ள வாசற்படிகளின் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

சுவருக்கு நிதி கிடைக்காத ஊர் என்ன செய்யலாம் என்பதற்கு இங்கிலாந்தின் பிக்கரிங் நல்ல எடுத்துக்காட்டு. 1999, 2000, 2002, 2007 என்று அடுத்தடுத்து வெள்ளம். ஊருக்குள் சுவர் கட்டச் செலவு கட்டுப்படியாகவில்லை. 2009-இல் அவர்கள் ஆற்றின் மேல்பகுதிக்குப் போனார்கள். ஓடைகளின் குறுக்கே மரத்தடிகளை அடுக்கிக் கசியும் அணைகள் போட்டார்கள், மரம் நட்டார்கள், ஊருக்கு மேலே 1,20,000 கனமீட்டர் வெள்ளநீரைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க ஒரு கரை எழுப்பினார்கள். 2015 டிசம்பர் மழையில் வெள்ளத்தின் உச்சம் 15 முதல் 20 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அந்த மழைக்கு அது போதுமானதாக இருந்தது. இதைவிடப் பெரிய மழைக்குப் போதாமல் போகலாம். ஆனாலும் வாசற்படிக்குச் சில சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நின்றுவிடுவதற்கும் ஏறிவிடுவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் பல வீடுகளுக்கு இந்த அளவுதான்.

வடிகால், சிறுபாலம் தூர்வாருவதைப் பற்றி நீங்கள் அறியாததை நான் சொல்லப் போவதில்லை. மழைக்கு முன் செய்யுங்கள் என்பது மட்டும்தான். 2004 ஆகஸ்டில் இங்கிலாந்தின் போஸ்காசில் கிராமத்தில் வெள்ளம் அடித்து வந்த மரங்களும் கார்களும் பாலக்கண்களில் சிக்கி அடைத்துக்கொண்டன; தண்ணீர் தெருவையே ஆறாக்கிக்கொண்டது. சுமார் நூறு பேரை ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றினார்கள், ஒருவரும் இறக்கவில்லை. ஆற்றோரத்தில் வண்டி நிறுத்த இடம் கொடுத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

கடைசியாக, சொல்லக் கடினமான ஒன்று. பதிவேடு முடிந்ததும் சில வீடுகளுக்கு எதுவும் உதவாது என்று அது காட்டும். அங்கே ஆழம் அதிகம், ஓட்டம் வேகம், அடிக்கடி வரும். அந்தக் குடும்பங்களிடம் ஒவ்வொரு முறையும் நிவாரணத்தைக் கொடுத்துத் திரும்ப அதே இடத்துக்கு அனுப்புவது சரியில்லை. மாற்று இடம் கொடுங்கள். ஆனால் அவர்கள் சம்மதத்தோடு, ஒன்றாக, அதே ஊருக்குள்ளோ அருகிலேயோ. ஆஸ்திரேலியாவின் கிரான்தாம் என்ற சிற்றூரை 2011 ஜனவரி 10 அன்று வெள்ளம் அடித்துப் போனது. உள்ளூர் மன்றம் பக்கத்து மேட்டில் நிலம் வாங்கி, தாழ்வான மனையைக் கொடுப்பவர்களுக்கு மேட்டில் மனை கொடுத்தது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் குடும்பங்கள் புது வீட்டுக்குப் போய்விட்டன. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றோரத்தில் இருந்த வால்மேயர், சுமார் 900 பேர் வாழ்ந்த ஊர், 1993 வெள்ளத்துக்குப் பிறகு மேட்டுக்கே இடம் மாறியது. அதே நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் சோல்ஜர்ஸ் குரோவ் என்ற சிற்றூர், கரை கட்டும் செலவு அது காக்கப்போகும் சொத்தின் மதிப்பைவிட அதிகம் என்று கணக்குப் பார்த்து, 1978 வெள்ளத்துக்குப் பிறகு தன் கடைவீதியை மேலே கொண்டுபோனது. மூன்றும் சிறிய ஊர்கள். சிறியதாக இருந்ததால்தான் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடிந்தது. ஏழைகளை மட்டும் அகற்றிவிட்டு அதே ஆற்றங்கரையை வேறு யாருக்காவது கொடுக்கும் திட்டத்தை இந்தப் பெயரில் கொண்டுவராதீர்கள். காலியான இடம் ஆற்றுக்கும் திறந்தவெளிக்கும் மட்டும் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள்.

எண்ணை வெளியிட்டால் வீட்டு விலை விழுந்துவிடும் என்று எதிர்ப்பு வரும். நியாயமான பயம்தான், பலருக்கு அந்த வீட்டைத் தவிர வேறு சொத்து இல்லை. எனவே எண்ணைச் சுவரொட்டியாக ஒட்ட வேண்டாம், வீட்டாரிடம் கொடுங்கள். ஆனால் வாங்கப் போகிறவருக்கும் வாடகைக்கு வருகிறவருக்கும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் காட்டியாக வேண்டும் என்று விதி வையுங்கள். வாடகைக்கு இருப்பவர்களை இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். தரைத்தளத்தில் வாடகை குறைவு என்று வருகிறவர் அவர். வால்வு பொருத்தவும் பிளக் பாயிண்ட்டை ஏற்றவும் அவருக்கு உரிமை இல்லை. நனைந்துபோகும் பொருள் எல்லாம் அவருடையது. வீட்டு உரிமையாளருக்கு மானியம் கொடுக்கும்போது, தரைத்தளம் வாடகைக்கு விடப்பட்டிருந்தால் வேலை அங்கேதான் முதலில் நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுங்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அளக்கும் வேலை ஊரின் மிகத் தாழ்வான தெருவில் தொடங்கும் என்று ஒரு தேதி குறியுங்கள். பொறுப்பான பொறியாளர் ஒருவரின் பதவியைத் தீர்மானத்தில் எழுதுங்கள். மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பு அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டாரிடமும் மூன்று எண்கள் உள்ள சீட்டு ஒன்று போய்ச் சேரட்டும்: அவர்கள் வாசற்படியின் உயரம், இதுவரை வந்த மிக உயர்ந்த வெள்ளத்தின் உயரம், பாலத்தில் மட்டம் எவ்வளவு காட்டும்போது அவர்கள் கிளம்ப வேண்டும் என்ற எண். மற்றத் தெருக்களை அடுத்தடுத்து முடிக்கலாம்.

இப்படிக்கு,
ஆற்றோரத்தில் குடியிருக்கும் ஒருவர்